மதகடியில் நடந்தது

தண்ணீர் அசையவில்லை. எட்டு மணிக்குக் கதவு திறக்கும்வரை அது இப்படித்தான் கிடக்கும், நீச்சல் குளத்தின் ஆறு தடங்களும் சேர்ந்து ஒரே கண்ணாடிப் பலகையாக. முதல் ஆள் குதிக்கும்வரை இதற்கு ஆழம் இருக்கிறதென்றே சொல்ல முடியாது. நான் தரை தேய்க்கிற மெஷினைத் தள்ளிக்கொண்டு கரையோரமாக நடக்கிறேன். பிரஷ் சுழல்கிற சத்தம் கூரையில் போய் முட்டி, கொஞ்சம் பிந்தி, எனக்குப் பின்னாலிருந்து வருகிறது. இன்னொருவன் இன்னொரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவதுபோல இருக்கும். பதினொரு வருடமாக அவனைத் தெரியும். திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போது ஆறரை. பத்து மணிக்கு நகரசபையின் இரண்டாம் மாடியில் கெர்பர் என்கிற பெண்ணுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். காகிதம் சட்டையின் உள்பையில் இருக்கிறது, நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு. ஒரு பக்கம்தான். என் தம்பி குகதாசன் 1998ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் இறந்துவிட்டார் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன். கீழே ஒரு கோடு. கோட்டின் மேல் இன்னும் ஒன்றுமில்லை. கையெழுத்து வைப்பது பெரிய வேலையல்ல, இந்த ஊரில் எத்தனை காகிதத்தில் வைத்திருப்பேன், குழந்தை பிறந்ததற்கு, வாடகை வீட்டுக்கு, குப்பைப் பை வாங்கியதற்குக்கூட. ஆனால் அதற்கு முன் ஊருக்கு, அம்மாவுக்கு ஃபோன் எடுக்க வேண்டும். அங்கே இப்போது பதினொரு மணி. வீதிக் கரையில் தகரம் போட்ட பந்தலுக்குள், மற்றப் பெண்களோடு, குகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருப்பார். எட்டு மணிக்குள் எடுக்க வேண்டும். முதலில் ஆழமான பக்கத்தை முடித்துவிட்டு எடுக்கலாம். இல்லை, சின்னப்பிள்ளைகளின் தொட்டியையும் முடித்துவிட்டு.

ஒரு சாவு வேணும் தம்பி, என்றுதான் மகாலிங்கம் அண்ணை சொன்னார். சாவில்லாத கேஸ் நிக்காது. தொண்ணூற்றொன்பது மாரிகாலம், அகதிமுகாமின் குசினி மேசை, அவருடைய பல்லிடுக்கில் ஒரு தீக்குச்சி. அவர் முகாமில் எல்லாருக்கும் அகதிக் கேஸ் எழுதிக் கொடுத்தவர். கையெழுத்து அச்சுப்போல இருக்கும். ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர் என்று சொன்னார்கள். "அப்பாவைப் போடுவமோ?" என்று கேட்டார். அப்பா ஏற்கெனவே செத்துவிட்டார், நெஞ்சுவலியில், என்றேன். "நெஞ்சுவலி சரிவராது. சகோதரம் எத்தினை?" ஒரு தம்பி. "வயசு?" பதினெட்டு. "அப்ப அவன்தான். போன வருசத்தில போடு. பதினேழு எண்டா வாசிக்கிறவனுக்கு இன்னும் கொஞ்சம் நெஞ்சில தைக்கும்." அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னடா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறாய், நான் என்ன அவனைச் சுடவே போறன்? பேப்பரில தானே. எனக்கு மூண்டு அண்ணன்மார், மூண்டு பேரையும் குடுத்திட்டுத்தான் நான் இஞ்ச இருக்கிறன். மூண்டு பேரும் இப்ப கொழும்பில கொத்துரொட்டி சாப்பிடுகினம்." பக்கத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. இடம் எங்கே என்று அண்ணை கேட்டபோது, தெரிந்த இடம் சொன்னால் பிழைவராது என்று எங்கள் ஒழுங்கையின் மதகைச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை. பின்னேரம் நாலு மணி. சைக்கிளில் வந்தவனை மறித்து, இழுத்து, கொண்டுபோய், பிறகு சுட்ட சத்தம். நான் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதுதான் கேஸ்.

விசாரணையில் அதற்குமேல் கேட்டார்கள். விசாரித்தவர் இளம் ஆள், தலைமயிர் கொட்டத் தொடங்கியிருந்தது. ரோட்டில் ஏதாவது கிடந்ததா என்று கேட்டார். மொழிபெயர்த்த பெண் என்னைப் பார்த்தார். ஒரு செருப்பு, என்றேன். மகாலிங்கம் அண்ணை அதை எழுதித் தரவில்லை, அது நானாகச் சொன்னது. எந்தக் கால் செருப்பு? இப்படிக் கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும். நான் குனிந்தேன். மேசைக்குக் கீழே அந்த ஆளின் சப்பாத்துகள் தெரிந்தன, இடது சப்பாத்தின் கயிறு அவிழ்ந்திருந்தது. இடது கால், என்றேன். அவர் எழுதினார். எனக்கு அழுகை வந்தது. நடிப்பில்லை, சத்தியமாக வந்தது, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன், மொழிபெயர்த்த பெண் தன் கைக்குட்டையைத் தந்தார். அன்றைக்கு அழுதது யாருக்கு? ஊரில் அந்த நேரம் குகன் ரியூசன் முடித்து வந்து, அம்மா போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பந்தடிக்கப் போயிருப்பான். அழுதது அவனுக்கில்லை. பிறகு யாருக்கு? ஆழமான பக்கம் முடிந்தது. மெஷினைத் திருப்புகிறேன். பின்னால் வருகிறவனும் திருப்புகிறான்.

இங்கே தங்குவதற்கான கார்ட் கிடைத்தபிறகுதான் தொடங்கியது. வீட்டுக்கு எடுத்தால் குகன்தான் ஃபோனைத் தூக்குவான். "அண்ணை, எப்பிடி, ஸ்நோ கொட்டுதோ?" என்று கேட்பான். எனக்கு முதுகு கூசும். இந்த நாட்டில் ஒரு அலமாரிக்குள், ஒரு கோப்புக்குள், இவன் பதினேழு வயதில் செத்துக் கிடக்கிறான், சாட்சி நான். அப்படியானால் இப்போது என்னோடு கதைக்கிறது யார்? விசர் எண்ணம்தான், தெரியும். ஆனால் அவனுடைய குரல் கரகரத்து ஆம்பிளைக் குரலாக மாறியபோது, செத்தவன் வளருகிறான் என்று தோன்றியது. நகம் வளருமாமே, அதுபோல. நான் சுருக்கமாகக் கதைத்தேன். அம்மாவிடம் குடு, என்பேன். ஒருநாள் அவன் சொன்னான், "என்னண்ணை நீ, செத்த வீட்டுக்கு வந்த ஆள் மாதிரிக் கதைக்கிறாய், நான் உயிரோடதான் இருக்கிறன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் ஃபோனை வைத்துவிட்டேன். காசு முடிந்துபோச்சு என்று பிறகு பொய் சொன்னேன். எட்டு வருடம் அப்படிக் கதைத்தேன், கதைத்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு நாள்கூட வராது. எனக்கும் சுபாவுக்கும் திருச்சியில் கலியாணம் நடந்தபோது அம்மாவோடு அவனும் வந்திருந்தான். இருபத்திமூன்று வயது, மீசை. மண்டபத்தில் என் தோளில் கை போட்டான். கை சூடாக இருந்தது. சூடாக இருந்ததைக் கண்டு நான் துணுக்குற்றதை அவன் கண்டான். "என்ன, மாப்பிளைக்குப் பயமோ?" என்று கேட்டான். படம் எடுக்கும்போது நான் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றேன், ஆனால் ஆல்பத்தைத் திறந்தால் எல்லாப் படத்திலும் எனக்குப் பின்னால் அவன் நிற்கிறான். அந்த ஆல்பத்தை நான் நிலவறைக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். அதிகாரிகள் யாராவது வீடு பார்க்க வந்தால், இது யார் என்று கேட்டால்? சுபா எத்தனையோ தரம் கேட்டுவிட்டாள், ஏனப்பா உங்கட தம்பியின்ர படம் ஒண்டை ஹோலில கொழுவினால் என்ன, மாலை போடத்தானே கூடாது, படம் வைக்கலாந்தானே. அவளுக்குக் கேஸ் தெரியாது. நான் சொல்லவில்லை. முதல் வருடம் சொல்லாமல் விட்டேன், பிறகு சொல்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்து ஏழு. புரட்டாதி. வேலையில் நின்றபோது அம்மாவின் ஃபோன் வந்தது. அப்போது ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். தம்பியைக் காணேல்லையடா, என்றார். நேற்றுப் பின்னேரம் வேலையால வந்தவன், ஆரோ மறிச்சுக் கொண்டு போட்டாங்களாம், ஆரெண்டு ஆருக்கும் தெரியாது, மதகடியில சைக்கிள் கிடந்தது. மதகடியில் என்று கேட்டவுடனே கை ஈரத்தோடு சுவரைப் பிடித்தேன். அன்றைக்குப் புதன். நேற்று என்றால் செவ்வாய். அம்மா அழுதுகொண்டு சொல்லிக்கொண்டே போனார், பொலிசுக்குப் போனது, ஊர் அலுவலர் விதானையாரிடம் போனது, ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்ததை எடுத்து வைத்திருப்பது. நான் கேட்டேன், எந்தக் கால் செருப்பு? ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மா அழுகையை நிறுத்தினார். "ஏன்டா கேக்கிறாய்?" சும்மா, என்றேன். பிறகு அம்மா சொன்னார், இடது கால்.

எல்லாவற்றுக்கும் நியாயம் இருக்கிறது. எத்தனையோ தரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் ஒழுங்கைக்கு வருகிறவன் எவனும் மதகைத் தாண்டித்தான் வர வேண்டும், மறிக்கிறவனும் அங்கேதான் மறிப்பான். இழுபடுகிறவனின் செருப்பு கழரும். இடதா வலதா என்றால் பாதிக்குப் பாதி. கிழமை ஏழில் ஒன்று. பதினாலு தரம் சொன்னால் ஒருதரம் சரிவரும். அவ்வளவுதான், பதினாலில் ஒன்று, அதிசயமே இல்லை. லொத்தர் விழுகிறவர்கள் இல்லையா. ஆனால் பதினாலில் ஒன்று ஏன் எனக்கு? நான் வலது என்று சொல்லியிருந்தால்? சந்தையடி என்று சொல்லியிருந்தால்? அந்த ஆள் காலையில் சப்பாத்துக் கயிற்றை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வந்திருந்தால் குகன் அன்றைக்கு வேறு வழியால் வந்திருப்பானோ? நிறுத்து. மெஷினின் தண்ணீர் முடிந்துவிட்டது. குழாயடிக்குப் போய் நிரப்புகிறேன். நிரம்புகிற சத்தம் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல. ஏழு மணி பத்து. கண்ணாடிச் சுவருக்கு வெளியே மெல்ல வெளிக்கிறது, பனிப்புகைக்குள் வாகனத் தரிப்பிடம், ஒரு வாகனமும் இல்லை. கண்ணாடியில் நான் நிற்கிறேன், எனக்குப் பின்னால் தண்ணீர். வேறு யாரும் இல்லை. எண்ணிப் பார்க்கிறேன், நான் ஒருவன்தான்.

குடியுரிமை எனக்கு வேண்டியிருக்கவில்லை. கார்டே போதும் என்று இருந்தேன். கோப்பு ஒன்று எங்கேயோ நித்திரையாகக் கிடக்கிறது, அதை ஏன் தட்டி எழுப்புவான். நிருஜாதான் தொடங்கினாள். பதினேழு வயது, இங்கே பிறந்தவள், பொலிசில் சேரப் போகிறாளாம், அதற்குச் சுவிஸின் சிவப்பு பாஸ்போர்ட் வேண்டுமாம். "என்ர பிள்ளை பொலிசோ! அங்க அவங்களைக் கண்டு ஓடி வந்து, இஞ்ச பெத்து வளத்து..." என்று சுபா தலையில் கைவைத்தாள். நிருஜா விடவில்லை. ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் என்னைச் சோதித்தாள். அப்பா, இந்த மாநிலத்தில் எத்தனை ஆறு? அப்பா, குப்பைப் பையை எந்த நாளில் வெளியே வைக்க வேண்டும்? அப்பா, நீங்கள் இந்த ஊரில் எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள்? ஒன்றிலும் இல்லையென்றால் பாடுகிற சங்கத்திலாவது சேருங்கள். படிவத்தைச் சுபா நிரப்பினாள். அவளுடைய எழுத்துத்தான் வடிவு. கணவரின் சகோதரர்கள் என்ற இடத்தில் தனக்குத் தெரிந்த உண்மையை எழுதினாள். குகதாசன், பிறப்பு 1981, 2007 முதல் காணாமற்போனவர். மூன்று பேருக்கும் ஒரே மனு. நான் பார்க்காமல் கையெழுத்து வைத்தேன். அன்றைக்கு எனக்கு இரண்டு வேலை, நித்திரை தூங்கி விழுந்தேன். இருபத்துநாலு வருடமாக ஒவ்வொரு காகிதத்தையும் மூன்றுதரம் வாசித்தவன், அந்த ஒன்றை வாசிக்கவில்லை.

ஆறு மாதத்தில் கடிதம் வந்தது. பழைய வாக்குமூலத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள், பதினாலு பக்கம். நிலவறையில் நின்று வாசித்தேன். மதகு இருந்தது, நாலு மணி இருந்தது, செருப்பு இருந்தது. எழுத்து மங்கவேயில்லை. ஊரில் அவனுடைய புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது, சட்டைகள் உக்கிவிட்டன, இங்கே ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்திருக்கிறார்கள். கூப்பிட்டிருந்த நாளில் நேரில் போனேன். கெர்பர் நல்ல பெண். கோபப்படவில்லை. போர் நடந்த நாடு, பத்திரங்கள் கிடைப்பது கஷ்டம், எனக்கு விளங்குகிறது, என்றார். மனைவிக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம், உங்கள் பழைய வாக்குமூலம்தான் சரியென்றால் இந்தக் காகிதத்தில் கையெழுத்து வையுங்கள், என்றார். பழையது சரியில்லையென்றால்? என்று கேட்டேன், சும்மா கேட்பதுபோல. அவர் பேனையை மூடினார். அப்படியானால் முழுக் கோப்பையும் திறக்க வேண்டியிருக்கும், அந்தக் கார்ட் எப்படிக் கிடைத்தது என்பதிலிருந்து, என்றார். பிறகு சிரித்தார். இது சம்பிரதாயம்தான். ஒன்று மட்டும், கொழும்புத் தூதரகத்திலிருந்து ஒருவர் உங்கள் தாயிடம் போய்க் கேட்டு உறுதிப்படுத்துவார். தாய் உயிரோடு இருக்கிறார்தானே? இருக்கிறார், என்றேன். எங்கே? வீதியில், என்று வாயில் வந்துவிட்டது. ஊரில், என்றேன்.

காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுக் குந்தியிருக்கிற தாய்மாரோடு வீதியில்தான் இருக்கிறார். ஆறு வருடமாக. மரணச் சான்றிதழ் தருகிறோம், உதவிப் பணம் தருகிறோம் என்று எத்தனை தரம் வந்தார்கள். நான் மகனைத்தான் கேட்டனான், மட்டையைக் கேட்கேல்லை, என்று துரத்திவிட்டார். கொடுத்த முறைப்பாடுகள் மட்டும் ஒரு பெட்டி நிறைய இருக்கும். இரண்டாயிரத்து ஏழில் காணாமற்போன மகன். தொண்ணூற்றெட்டில் செத்தவன் இரண்டாயிரத்து ஏழில் காணாமற்போக முடியாது. தூதரக ஆளிடம் அம்மா ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அந்தப் பெட்டி முழுதும் பொய். இல்லை என்று சொன்னால் நான் பொய், நான், சுபா, நிருஜா, கார்ட், இந்த மெஷின், எல்லாம். ஏழு மணி முப்பத்தைந்து. சின்னத் தொட்டியும் முடிந்தது. துடைப்பதற்கு இனி ஒன்றுமில்லை. ஓரத்து வாங்கில் உட்கார்ந்து ஃபோனை எடுக்கிறேன்.

கனகேஸ்வரி அக்கா எடுத்தார், அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரை. "ஓ, சுவிஸ்காரர்! இஞ்ச வெய்யில் மண்டையைப் பிளக்குது, உன்ர நாட்டில ஒரு துண்டு ஐஸ் வெட்டி அனுப்பு ராசா. இந்தா அம்மா." பிறகு அம்மாவிடம், "வாயில இருக்கிற வெத்திலையைத் துப்பிப்போட்டுக் கதை மணி." அம்மா வந்தார். சாப்பிட்டியோ, பிள்ளை என்ன செய்யிறாள், சுபாவுக்கு முழங்கால் எப்படி. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு சொன்னேன். ஒரே மூச்சில், மகாலிங்கம் அண்ணையிலிருந்து கெர்பர்வரை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. செருப்பையும் சொன்னேன். முடிந்தபோது அந்தப் பக்கம் ஒரு லொறி நீண்ட நேரம் கோர்ன் அடித்துக்கொண்டு போனது. கட் ஆகிவிட்டதென்று நினைத்தேன். அம்மா? என்றேன். "நிக்கிறன்," என்றார். யாரையோ விலத்திக்கொண்டு நடப்பதுபோல மூச்சு வாங்கியது. பந்தலை விட்டு வெளியே போகிறார் போல. பிறகு, "எத்தினையாம் ஆண்டு எண்டனீ?" என்று கேட்டார். தொண்ணூற்றெட்டு. "அப்ப திருச்சிக்கு என்னோட வந்தது ஆர்?" அதை அவை கேக்க மாட்டினம் அம்மா, என்றேன். "கேட்டால் என்ன சொல்ல? நான் தனிய வந்தனான் எண்டு சொல்லட்டோ?" குரலில் கோபம் இல்லை. கேள்வி பதில் பாடமாக்குகிற பிள்ளையின் குரல். ஓம், என்றேன். "சரி. நான் சொல்லுறன். பேத்தியின்ர அலுவல். ஆனா எனக்கு முழுக்கச் சொல்லித் தா. நான் பிழைவிடக் கூடாதெல்லே."

சொன்னேன். செவ்வாய்க்கிழமை, நாலு மணி, சைக்கிள். "அப்ப நீ எங்க நிண்டனீ?" வேலிக்கு உள்ளால, கிளுவையடியில. "தெரிஞ்சதோ அங்கயிருந்து?" தெரிஞ்சது. "அடிச்சவங்களோ?" பதினாலு பக்கத்தில் அது இருக்கிறது, ஒருதரம், துவக்குப் பிடியால். சொன்னேன். "கூப்பிட்டவனோ?" அது பதினாலு பக்கத்தில் இல்லை. இங்கே யாரும் அதைக் கேட்கவில்லை. வெளியே கண்ணாடியடியில் எட்டு மணிக்காரர்கள் வந்து நின்றார்கள், துவாயைத் தோளில் போட்ட கிழவர் தன் மணிக்கூட்டை எனக்குக் காட்டினார். இல்லை என்று சொல்லி முடித்துவிடலாம். "கூப்பிட்டவன்," என்றேன். "என்னெண்டு?" அண்ணை எண்டு. "எத்தினை தரம்?" இரண்டு தரம். அம்மாவின் மூச்சு என் காதுக்குள் வந்தது, அவ்வளவு கிட்ட. பதினாறு வருடமாக ஆமி முகாம் முகாமாக, கந்தோர் கந்தோராக எல்லாரையும் கேட்டவர். கண்டேன் என்று அவருக்குச் சொன்ன முதல் ஆள் நான். "அவன் கூப்பிட நீ ஏன்டா போகேல்லை?" என்று கேட்டார். நான் அங்க இல்லையம்மா, என்று சொல்ல வாயைத் திறந்தேன். "பயமா இருந்தது அம்மா," என்றேன். "ஓம்," என்றார், "நீ சின்னனிலயும் அப்பிடித்தான்." கிழவர் கண்ணாடியைத் தட்டினார். இரண்டு தரம், பிறகு உள்ளங்கையால். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. நான் எழும்பவில்லை.

"பிறகு?" என்று அம்மா கேட்டார்.